சூட்கேஸில் வந்த சென்சார்

பெட்ரோல் பங்கில் நிற்கும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள். "அண்ணா, இது என்ன காரு? ஃபெராரியா?" முதல் மூன்று மாதம் பொறுமையாகப் பதில் சொன்னேன். இல்லப்பா, சான் ஸ்டார்ம். கோவாவுல செஞ்சது, நம்ம இந்திய வண்டிதான். அடுத்த கேள்வி நிச்சயம்: "எவ்ளோ போகும்ணா?" அங்கேதான் சங்கடம். ரெண்டு சீட், துணிக் கூரை, தாழ்ந்த மூக்கு என்று பார்ப்பதற்கு ரேஸ் கார். உள்ளே இருப்பதோ 1149 சிசி ரெனோ இன்ஜின், 60 குதிரைசக்தி. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிற ஸ்விஃப்ட் இதைவிடப் பலமானது. இப்போது யாராவது ஃபெராரியா என்று கேட்டால் "அந்த மாதிரி" என்று சொல்லிவிட்டு பில்லை வாங்கிக்கொள்கிறேன்.

பாண்டிச்சேரிக்கும் விலை உயர்ந்த கார்களுக்கும் ஒரு விநோதமான உறவு உண்டு. இங்கே சாலை வரி குறைவு. அதனால் பல வருஷமாக இந்தியாவின் பெரிய பெரிய கார்களெல்லாம் பேப்பரில் மட்டும் பாண்டியில் குடியிருந்தன. 2017-ல் கேரளாவில் நடிகர்கள் சிலர் மீது வழக்கு வந்தபோதுதான் ஊருக்கே விஷயம் தெரிந்தது. முகவரியில் எங்கள் தெருக்கள், வண்டி கொச்சியில். பி.ஒய். நம்பர் பிளேட்டோடு கோடிக்கணக்கில் கார்கள் எங்கெங்கோ ஓடிக்கொண்டிருக்க, அவற்றைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று ஒருவர்கூட இந்த ஊரில் இல்லை. தேவையும் இருக்கவில்லை. என்னுடையது நேர்மாறு. பி.ஒய். நம்பர், பாண்டியிலேயே வாசம், நின்றுபோவதும் பாண்டியிலேயே.

1999-ல் எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா வேலை பார்த்த பள்ளி நூலகத்தில் ஏதோ ஒரு ஆங்கிலப் பத்திரிகையின் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் இந்தக் காரைப் பார்த்தேன். அதுவரை ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஏதோ ஐரோப்பிய சமாசாரம். அதை கோவாவில் செய்கிறார்கள் என்பது என்னை என்னவோ செய்தது. கோவா எங்களுக்கு வெகு தூரமில்லை. அவர்கள் போர்ச்சுகீசியன் காலனி, நாங்கள் பிரெஞ்சுக் காலனி, அந்த வகையில் ஒரு பங்காளி ஊர். பக்கத்தைக் கிழிக்க தைரியம் வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் கழித்து, 2021 ஆகஸ்டில், லாஸ்பேட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார்கள். வெளிறிப்போன சிவப்பு. ஆறு வருஷமாக அசையவில்லை. உள்ளே எலி குட்டி போட்டு வளர்த்து அனுப்பியிருந்தது. 2,20,000 ரூபாய் சொன்னார்கள், 1,85,000-க்கு முடிந்தது. வீட்டில் 1,20,000 என்று சொன்னேன். இதை என் மனைவி படிப்பாள் என்பது தெரிந்தேதான் எழுதுகிறேன்.

*

ஓடாத காரை வாங்கியவனுக்கு ஊரில் கிடைக்கும் முதல் பட்டம் 'பைத்தியம்'. இரண்டாவது, எனக்குக் கிடைத்ததுபோல, 'கம்ப்யூட்டர் படிச்சவன்'. நெல்லித்தோப்பில் முப்பது வருஷமாக ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணன், அம்பாசடரையும் பத்மினியையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பூட்டுகிறவர். நீளமான ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதில் வைத்து, முனையை இன்ஜின் மேல் வைத்து, எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவார். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவர் சொன்னது:

"கார்பரேட்டர் இருந்தா நான் பாத்துக்குவேன் தம்பி. இது கம்ப்யூட்டர் வண்டி. நீதான அது படிச்ச?"

நான் படித்த கம்ப்யூட்டருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எப்படிப் புரியவைப்பது? சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு முதலியார்பேட்டை வீட்டு மாடியில் உட்கார்ந்து பணம் செலுத்தும் பக்கங்கள் எழுதுகிறவன் நான். ஆன்லைனில் வாங்கிய மலிவு ஸ்கேனரை மாட்டிப் பார்க்கலாம் என்றால், அதைச் செருகுவதற்கான துளையே என் வண்டியில் இல்லை. கடைசியில் ஆளுக்குப் பாதி என்று ஒப்பந்தமானோம். சுழல்வதெல்லாம் அவருடையது, ஒயரெல்லாம் என்னுடையது. எலி தின்ற ஒயர்களை ஒவ்வொன்றாக மல்டிமீட்டர் வைத்துத் தேடி ஒட்டவைக்க ஐந்து மாதம் ஆனது, சனி ஞாயிறுகளில் மட்டும். டேங்கில் பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி பிசுபிசுவென்று உறைந்திருந்தது. டேங்கைக் கழற்றி, கழுவி, பம்பை மாற்றினோம். பெட்ரோல் முள் மட்டும் கடைசிவரை சரியாகவில்லை. டேங்க் நிறைந்தாலும் வறண்டாலும் பாதியிலேயே நிற்கும். எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதிக்கொள்வேன்.

இதற்குள் இன்னொன்று நடந்தது. பதினைந்து வருஷம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரல் 1 முதல் 5000 ஆனது. என் வண்டி ஓடத் தொடங்கியது ஜூனில். இன்ஷூரன்ஸ் எடுக்கப் போனால், அந்த இணையதளத்தின் பட்டியலில் இப்படி ஒரு காரே இல்லை. 'மற்றவை' என்ற தேர்வும் இல்லை. அப்படிப்பட்ட பட்டியல்களை எழுதுகிற ஆள் நான்தான். உலகத்தில் இருக்கிற எல்லாமே நம் பட்டியலுக்குள் அடங்கிவிடும் என்று நம்பி எழுதுகிறவர்களில் ஒருவன். அன்றைக்கு அலுவலகத்தில் என் கோடில் இரண்டு இடங்களில் 'மற்றவை' சேர்த்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் பாண்டி எனக்குக் கைகொடுத்தது. இந்தக் காரின் உடம்பு இரும்பில்லை, ஃபைபர் கிளாஸ். காந்தத்தை வைத்தால் ஒட்டாது. முன் பக்கத்து இடது ஃபெண்டரில் விரிசல். சென்னையில் விசாரித்தால், புதிதாக மோல்டு எடுக்கவேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்கள், காரின் விலையில் பாதி. ஒருநாள் வீராம்பட்டினம் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தபோது மூளையில் உறைத்தது. எதிரில் வரிசையாக நிற்பதெல்லாம் என்ன? ஃபைபர் போட்டு. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் கட்டுமரங்கள் குறைந்து ஃபைபர் படகுகள் பெருகின. படகு இருக்கும் இடத்தில் படகு ஒட்டுகிறவரும் இருப்பார்.

அவர் வந்து வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார். முஷ்டியால் தட்டித் தட்டிச் சத்தம் கேட்டார். விரிசலைப் பார்க்கக்கூட இல்லை, முதலில் அதன் பின்பக்கத்துக்குக் கையை விட்டார். "மேல தெரியறது பெயிண்ட் வெடிப்பு. உள்ள பாயி பிரிஞ்சிருக்கு" என்றார். பாய் என்று அவர் சொன்னது கண்ணாடி இழை மேட்டை. பின்பக்கத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, ரெசினில் கெட்டியாக்கும் மருந்தைச் சொட்டுக் கணக்கில் கலந்து, பாயை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு வைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் பிரஷ்ஷால் குத்திக் குத்தி உட்கார வைத்தார். "வெயில்ல வேல செய்யக்கூடாது தம்பி. சீக்கிரம் எறுகிடும், அப்புறம் நொறுங்கும். போட்டுன்னா கொஞ்சம் நெளியணும்." போட்டு இல்லண்ணே, காரு என்றேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்றார். ரெண்டாயிரத்து ஐந்நூறு வாங்கிக்கொண்டார். அந்த ஃபெண்டர் இன்றுவரை அசையவில்லை. முன்கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் அவரிடமும் பதில் இல்லை. ஜல்லி லாரி முன்னால் போனால் நான் டீ குடிக்க நின்றுவிடுவேன்.

*

2023 பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது வண்டி நின்றது. இருமல் இல்லை, குலுக்கல் இல்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் தொப்பென்று பூஜ்யத்தில் விழுந்தது. ஓரம் கட்டினேன். இரண்டு பக்கமும் வெள்ளை வெள்ளையாக உப்பு, நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. நாற்பது நிமிஷம் கழித்து, டோ வண்டிக்குப் போன் போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, சும்மா சாவியைத் திருகினேன். எதுவுமே நடக்காததுபோல ஓடியது.

என் தொழிலில் இந்த மாதிரிப் பழுதுதான் ஆளைக் கொல்லும். தேடிப் போனால் மறைந்துவிடும். மெக்கானிக் அண்ணனின் ஷெட்டில் நாள் முழுக்க ஓடும், திரும்பி வரும் வழியில் இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும். மூன்று வாரம் கழித்துத்தான் ஒரு ஒழுங்கு பிடிபட்டது. சூட்டில் சாகிறது, ஆறினால் பிழைக்கிறது. முள் விழுவதுதான் தடயம். கியர்பாக்ஸ் மூடியின் உச்சியில், கைக்கு எட்டாத ஓரிடத்தில், கட்டைவிரல் அளவு ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே ஒரு காந்தமும் சுற்றிய கம்பிச் சுருளும், அவ்வளவுதான். எதிரே ஃப்ளைவீலின் பற்கள் ஓட ஓட அதில் சின்னதாக மின்சாரம் பிறக்கும். அதை எண்ணித்தான் பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் தெரிந்துகொள்கிறது. அந்தத் தகவல் நின்றால் பொறியும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை இன்ஜின் சுற்றவே இல்லை.

கழற்றி எடுத்து மேஜையில் வைத்து மல்டிமீட்டரால் அளந்தேன். சரியாக இருந்தது. மனைவியின் ஹேர் டிரையரை எடுத்துச் சூடேற்றினேன். எண் ஏறிக்கொண்டே போய், சட்டென்று அறுந்தது. உள்ளே எங்கோ ஒரு கம்பி சூட்டில் விரிந்து விலகுகிறது. ஆறவைத்தால் மறுபடி ஒட்டிக்கொள்கிறது. இரவு பதினொரு மணிக்கு நான் போட்ட சத்தத்தில் அம்மா எழுந்து வந்தாள்.

பழுது தெரிந்துவிட்டது. சாமான்? சான் ஸ்டார்ம் என்று கேட்டால் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் சிரிக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. 2007-ல் மஹிந்திராவோடு சேர்ந்து வந்த ரெனோ லோகனின் சாமான்கள் சில கடைகளில் இருந்தன, ஆனால் அது 1.4, 1.6, வேறு இன்ஜின். என்னுடையது 1996 முதல் பிரான்சில் ட்விங்கோ என்ற குட்டிக் காரில் போட்ட இன்ஜின். அங்கே அது நம் ஊர் மாருதி 800 மாதிரி, தெருவுக்கு நாலு நின்ற வண்டி. ரூய் துமாவும் ரூய் சுஃப்ரனும் இருக்கிற ஊரில், பிரெஞ்சில் பலகை வைத்த ஒரு தெருவில், பிரெஞ்சு இன்ஜினின் ஒரு கட்டைவிரல் சென்சாருக்காக நான் அலைந்துகொண்டிருந்தேன்.

அம்மாதான் சொன்னாள். அப்பா பக்கத்து அறையில் இருக்கிறாரா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி. "ஃப்ளேன் பெரியப்பா கார் ஃபாக்டரிலதான இருந்தாரு?"

*

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லவேண்டும். 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சுக்காரர்கள் நிர்வாகத்தை இந்தியாவிடம் கொடுத்துவிட்டார்கள், ஆனால் சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16-ல். அன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள், பிரெஞ்சுக் குடியுரிமைதான் வேண்டும் என்கிறவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுக்காதவர்கள் இந்தியர்கள். என் தாத்தாவின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோ-சீனா வரை போய்வந்தவர், இங்கே சொல்கிற மாதிரி 'சொல்தா'. அவர் எழுதிக் கொடுத்தார். தாத்தா ரோடியர் மில்லில் ஃபிட்டர், யூனியன் ஆள். எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று வீட்டில் மூன்று கதைகள் உண்டு. கொள்கை என்பது அப்பாவின் கதை. தறி ஷிப்டில் லீவு கிடைக்கவில்லை என்பது பாட்டியின் கதை. ரெண்டு பேரில் ஒருத்தர் எப்படியும் இங்கே இருக்கவேண்டும், வீட்டை யார் பார்த்துக்கொள்வது என்று அண்ணனே தடுத்துவிட்டார் என்பது மூன்றாவது. அதை யார் சொன்னது என்று யாருக்கும் ஞாபகமில்லை, ஆனால் சண்டை வந்தால் அதுதான் வெளியே வரும்.

ஒரே வீட்டின் முன்கட்டில் பிரான்சிலிருந்து பென்ஷன், பின்கட்டில் மில் சம்பளம். பாண்டியில் பல தெருக்களில் இந்தக் கதை உண்டு, பெயர்கள்தான் மாறும். பெரிய தாத்தாவின் மகன், எனக்குப் பெரியப்பா முறை, 1970-ல் இருபது வயதில் கப்பல் ஏறினார். பாரிசுக்கு மேற்கே ஃப்ளேன் என்ற இடத்தில் ரெனோ தொழிற்சாலையில் வேலை, பக்கத்தில் மாந்த்-லா-ஜோலியில் வீடு. தொண்ணூறுகளில் முதலியார்பேட்டை வீட்டைப் பாகம் பிரிக்கவேண்டும் என்று வக்கீல் மூலம் ஒரு கடிதம் வந்தது. பேசிச் சொல்லியிருக்கலாம், வக்கீல் வைத்தது அப்பாவுக்கு விழுந்த அடி. வீடு பிரிந்தது. முன்கட்டை வேறு யாரோ வாங்கினார்கள். 2006-ல் ஒரு கல்யாணத்தில் பார்த்துக்கொண்டார்கள், அதற்குப்பின் பேச்சில்லை.

அந்த ஃப்ளேனில்தான் 1993-லிருந்து ட்விங்கோ செய்தார்கள் என்று அன்றிரவு படித்தேன். தூக்கம் போய்விட்டது. என் இன்ஜினைத் தினமும் கையில் தொட்ட ஒரு ஆள் என் குடும்பத்திலேயே இருக்கிறார். என்னென்ன கேட்கலாம் என்று ஒரு பட்டியல் போட்டேன். டைமிங் பெல்ட், சென்சார், கூலண்ட், வால்வ் இடைவெளி என்று பதினேழு கேள்விகள்.

அப்பாவுக்குத் தெரியாமல் அத்தையிடம் நம்பர் வாங்கி, வாட்ஸப்பில் கூப்பிட்டேன். முகத்துக்கு மிக அருகில் போனை வைத்திருந்தார், ஒரு மூக்கும் கண்ணாடியும் மட்டும் தெரிந்தது. யார் மகன் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "அப்பா நல்லாருக்காரா?" நல்லாருக்கார் பெரியப்பா. விஷயத்தைச் சொன்னேன். "த்வேங்கோவா!" என்றார். சந்தோஷத்தில் போன் கீழே விழுந்தது. என் பட்டியலின் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"தம்பி, எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் சீட்டு மாட்டுனேன்."

"எவ்வளவு நாள்?"

"முப்பத்தெட்டு வருஷம். அதுல கொஞ்ச நாள் கதவு. மத்தபடி சீட்டு."

இன்ஜினை அவர் பார்த்ததேயில்லை. வண்டி அவரிடம் வரும்போது பானெட் மூடித்தான் இருக்கும். நான் பேசாமல் இருந்ததைப் பார்த்து அவருக்கே பாவமாகிவிட்டது போல. "இரு இரு. சாமான் வேணும், அவ்வளவுதான? காஸுக்குப் போயி எடுத்துடலாம்" என்றார். காஸ் என்றால் நம் புதுப்பேட்டை. உடைந்த கார்களை அடுக்கிவைத்துச் சாமான் விற்கிற இடம். எழுபத்து மூன்று வயதில், அந்தக் குளிரில், பஸ் பிடித்துப் போயிருக்கிறார். நான் அனுப்பிய படத்தைக் கடைக்காரனுக்குக் காட்டி, மூன்று ட்விங்கோக்களில் ஏறி இறங்கி, இரண்டு சென்சார் கழற்றிவந்தார். டைமிங் பெல்ட்டும் கேட்டிருந்தேன். ரப்பர் சமாசாரம் பழசு வாங்கக்கூடாது என்று யாரோ அவருக்குச் சொல்ல, அதைப் புதிதாகக் கடையில் வாங்கினார். பணம் அனுப்புகிறேன் என்றதற்குக் கோபித்துக்கொண்டார்.

ஏப்ரலில் பாரிசிலிருந்து ஊருக்கு வந்த ஒரு முதலியார்பேட்டைக் குடும்பத்தின் சூட்கேஸில், சீஸுக்கும் சென்ட் பாட்டில்களுக்கும் நடுவில் அந்தப் பொட்டலம் வந்தது. நான் மாடியில் மீட்டிங்கில் இருந்தேன். வாங்கிவைத்தது அப்பா.

இறங்கி வந்தபோது அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேலே பேனாவில் எழுதியிருந்தது: 'முதலியார்பேட்டை தம்பிக்கு. ஈரம் படாமல் வைக்கவும்.' அப்பா முப்பத்தொரு வருஷம் கணக்கு வாத்தியார். எழுத்துப்பிழை இருந்தால் கல்யாணப் பத்திரிகையைக்கூடத் திருத்துகிறவர். திட்டு விழப்போகிறது என்று நின்றேன்.

"பேட்டைக்கும் லைக்கும் வித்தியாசத்தப் பாரு" என்றார். 'முதலியார்பேட்டை'யின் டை எல்லாரும் எழுதுகிற மாதிரி இருந்தது. 'வைக்கவும்' பக்கத்தில், அடியில் சின்னதாக 'தேவையில்லை என்றால் திருப்ப வேண்டாம்' என்று இன்னொரு வரி. அந்த லை மட்டும் பழைய லை. துதிக்கை தூக்கிய யானை மாதிரி மேலே வளைத்துப் போட்டது. எழுத்துச் சீர்திருத்தம் வந்தது 1978-ல். அவர் அதற்கு எட்டு வருஷம் முன்பே போய்விட்டார். "இன்னும் இதத்தான் எழுதுறாரு" என்றார் அப்பா. 'எழுதுறான்' என்று சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

சென்சாரை மாட்ட அரை மணி நேரம். அதற்குப்பிறகு அந்தப் பழுது வரவேயில்லை.

பெல்ட்தான் பெரிய வேலை. இதற்கென்று பூட்டுக் கருவிகள் உண்டு, எங்களிடம் இல்லை. அது ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் வால்வும் பிஸ்டனும் ஒத்துப்போகாது. பல இன்ஜின்களில் ஒன்றோடொன்று மோதி எல்லாம் போய்விடும். மெக்கானிக் அண்ணன் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார். பழைய பெல்ட்டைக் கழற்றும் முன் ஒயிட்னரால் மேல் சக்கரத்தில் ஒரு கோடு, கீழ்ச் சக்கரத்தில் ஒரு கோடு, பெல்ட்டில் அவற்றுக்கு நேராக இரண்டு கோடு. பிறகு கழற்றி, இரண்டு கோடுகளுக்கும் நடுவில் எத்தனை பல் என்று எண்ணி, புதுப் பெல்ட்டில் அதே எண்ணிக்கையில் குறிக்கவேண்டும். அண்ணன் எண்ணினார். நான் எண்ணினேன். எங்கள் இருவருக்கும் ஒரு பல் வித்தியாசம். மறுபடி எண்ணினோம், மறுபடி வேறு. திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா எழுந்து வந்து, "குடு இங்க" என்று வாங்கி, பழைய பெல்ட்டைத் தரையில் விரித்து, பத்துப் பல்லுக்கு ஒரு புளியங்கொட்டை வைத்து எண்ணினார். அண்ணன் சொன்னதுதான் சரி. கம்ப்யூட்டர் படித்தவன் தப்பு.

*

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் பக்கத்தில்தான் கரை ஏறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. எங்கள் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். காரின் கீழே செங்கல் வைத்து உயர்த்தியும் பயனில்லை. ஏற்கெனவே தையல் விட்டுப்போன கூரைத்துணி வழியாக மேலிருந்தும் தண்ணீர், கதவிடுக்கு வழியாகக் கீழிருந்தும் தண்ணீர். நல்லவேளை, கம்ப்யூட்டர் பெட்டியை முந்தின நாளே கழற்றி அரிசிப் பானைப் பக்கத்தில் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் வெயில் வந்ததும் உள்ளே ஊறப்போட்ட துணி நாற்றம். தரை விரிப்பு காயவேண்டும் என்றால் சீட்டைக் கழற்றவேண்டும். போல்ட்டெல்லாம் உப்பும் துருவும் பிடித்து இறுகிவிட்டன. இரண்டு வாரம் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், ஒரு போல்ட்டின் தலை வழுக்கிவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த டிசம்பரில் காரை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். விளம்பரத்துக்குப் படம்கூட எடுத்தேன்.

ஜனவரியில் பெரியப்பா வந்தார். மிஷன் வீதிப் பக்கம் ஒரு லாட்ஜில் தங்கிக்கொண்டு, முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு காலை ஆட்டோவில் வந்து இறங்கினார். பழைய முன்கட்டு இருந்த இடத்தில் இப்போது மூன்று மாடிக் கட்டடம். அதைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எங்கள் கதவைத் தட்டினார்.

அப்பா திறந்தார். "வந்தாச்சா" என்றார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் "சாப்பிட்டாச்சா" என்றார். "எப்ப திரும்பறதா இருக்கு?" தமிழில் இது ஒரு வசதி. 'நீ' என்றும் சொல்லாமல் 'நீங்க' என்றும் சொல்லாமல் 'அண்ணே' என்றும் கூப்பிடாமல் ஒரு முழு நாளை ஓட்டிவிடலாம். பெரியப்பாவும் அதே இலக்கணத்தில் பதில் சொன்னார். அம்மா இட்லியை வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள்.

காப்பி முடிந்ததும் பெரியப்பா எழுந்து, "வண்டி எங்க?" என்றார். காட்டினேன். வாசனை பிடித்தார், முகம் சுளித்தார். சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு, பனியனோடு கதவைத் திறந்து உள்ளே தலையை விட்டார். கையை நீட்டினார். நான் ஸ்பேனரை வைத்தேன். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி முன் போல்ட் இரண்டு, முன்னுக்குத் தள்ளிப் பின் போல்ட் இரண்டு. இறுகியதைத் திருக அவர் முதலில் அவிழ்க்கப் பார்க்கவில்லை, இன்னும் கொஞ்சம் இறுக்கினார், 'டக்' என்றது, பிறகு அவிழ்த்தார். தலை வழுக்கிய போல்ட்டின் மேல் ஒரு அளவு சின்ன சாக்கெட்டை வைத்துச் சுத்தியலால் தட்டி இறக்கித் திருகினார். டிரைவர் சீட் வெளியே வந்து வாசலில் நின்றது. அடுத்ததும் வந்தது. பத்து நிமிஷம் ஆகியிருக்காது. மூச்சுகூட வாங்கவில்லை. "ஒரு வண்டிக்கு இவ்வளவு நேரம் குடுக்க மாட்டான்" என்றார்.

அப்பா எப்போது வந்து நின்றார் என்று தெரியவில்லை. கையில் டார்ச் வைத்திருந்தார். பகல் பத்தரை மணி.

நான்கு நாள் வெயிலில் காய்ந்தன. ஐந்தாம் நாள் பெரியப்பாவே வந்து மாட்டினார். நான்கு போல்ட்டையும் விரலால் பாதி ஏற்றிவிட்டு, பிறகுதான் குறுக்கு மறுக்காக இறுக்கவேண்டும், முதலிலேயே ஒன்றை இறுக்கினால் தண்டவாளம் கோணிக்கொள்ளும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஃப்ளேனில் இப்போது புது கார் செய்வதில்லை, பழைய கார்களைச் சரிசெய்து விற்கும் இடமாக மாற்றிவிட்டார்கள் என்றும் அப்போதுதான் சொன்னார். "மில்லும் மூடிட்டான்" என்றார் அப்பா. "தெரியும்" என்றார் பெரியப்பா. 2020-ல் மூடினார்கள்.

ஓட்டிப் பார்க்கிறேன் என்றார். சர்வதேச லைசென்ஸ் பேப்பரைச் சட்டைப்பையில் தட்டிக் காட்டினார். ரெண்டே சீட். நான் பக்கத்தில் உட்காரப் போகும்போது அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மூன்றரை வருஷமாக இந்தக் காரில் அவர் ஏறியதில்லை. நான் விலகினேன். முட்டி மடங்காமல் கஷ்டப்பட்டு இறங்கி உட்கார்ந்தார். பெரியப்பா இடது கையால் கியரைத் தேடி, இல்லாத பக்கம் போய், தப்பாக வைப்பரைப் போட்டு, ஒரு வழியாகத் தெருமுனையில் திரும்பினார்.

இருபது நிமிஷம் கழித்துப் போன் வந்தது. அப்பா.

"நின்னுடுச்சுடா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. ரெண்டாவது சென்சார் எங்கே வைத்தேன் என்று யோசித்துக்கொண்டே, "முள்ளு டக்குனு விழுந்துதா?" என்றேன்.

"எந்த முள்ளு? பெட்ரோல் முள்ளு பாதில இருக்கு."

சொல்ல மறந்துவிட்டேன். கிலோமீட்டர் எழுதும் நோட்டு என் சட்டைப்பையில் இருந்தது. "எங்க இருக்கீங்க?"

"மில்லு கேட்டுக்கு எதுர்ல."

ஸ்கூட்டரிலிருந்து ஒரு லிட்டர் உறிஞ்சி பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனேன். தூரத்திலிருந்தே சிவப்பு தெரிந்தது. சுற்றிலும் நாலைந்து பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி, பூட்டிய கேட்டின் பக்கத்தில், மதில் நிழலில் நின்றிருந்தார்கள். பெரியப்பா கையை நீட்டி உள்ளே எதையோ காட்டிக்கொண்டிருந்தார், அப்பா தலையை ஆட்டி மறுத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டரை நிறுத்தியதும் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.